பல்லின் வேர் சிகிச்சை: வலி சொல்வதும் சொல்லாததும்

பல்லின் உள்ளே இருக்கும் மென்திசு கெட்டுவிட்டால், பல்லைப் பிடுங்காமல் அந்தத் திசுவை மட்டும் எடுத்து, வேருக்குள் ஓடும் நுண்வழிகளைத் துப்புரவாக்கி, மறுபடி கிருமி புகாதபடி அடைத்து மூடுவது வேர் சிகிச்சை. பல் மருத்துவமனையில் இதை ‘ரூட் கெனால்’ என்பார்கள், சீட்டில் ‘ஆர்.சி.டி.’ என்று எழுதுவார்கள்; வீட்டில் ‘பல்லுக்கு நரம்பு எடுத்தாங்க’ என்று சொல்வார்கள். மூன்றாவது பெயர் மக்கள் மனத்தில் தவறான ஒரு படத்தை வரைந்துவிட்டது. நரம்பை எடுப்பது இந்த வேலையில் சிறு பகுதி; மரத்துப்போன பிறகு சில நிமிடங்களில் முடிந்துவிடும். எஞ்சிய நேரமெல்லாம் கிருமியோடுதான் போராட்டம். நரம்பு போனால் வலி போய்விடும், வலி போனால் வேலை முடிந்தது என்று எண்ணிப் பாதியில் நின்றுவிடுபவர்கள் உண்டு. காப்பாற்றியிருக்கக்கூடிய பல் இப்படித்தான் கைநழுவுகிறது. இந்தச் சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்திலும் வலி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பல்லுக்குள் நடப்பது

கீழ்த்தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டால் விஷயம் எளிதில் விளங்கும். ஆறு வயதையொட்டி, பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிலையான பல் அது. அதற்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் அதையும் பால்பல் என்று நினைத்து, சொத்தை விழுந்தாலும் ‘விழுந்து முளைக்கும்’ என்று விட்டுவிடும் பெற்றோர் ஏராளம். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள், வாயில் மற்றெந்தப் பெரிய பல்லைவிடவும் நீண்ட நாள் உழைப்பு, மெல்லும் பாரத்தில் பெரும்பங்கு என்று எல்லாம் சேர்ந்து, வேர் சிகிச்சைக்கு அதிகம் வரும் பற்களில் ஒன்றாக இதை ஆக்கிவிட்டன.

வெளியே தெரியும் வெண்மையான எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். அதற்குள்ளே டென்டின், அதன் நடுவில் ஓர் அறை, அறைக்குள் இரத்த நாளங்களும் நரம்பிழைகளும் கலந்த பற்கூழ். அறையிலிருந்து ஒவ்வொரு வேருக்குள்ளும் மெல்லிய கால்வாய்கள் இறங்கி, வேர்நுனியில் உள்ள நுண்ணிய துளை வழியாகத் தாடை எலும்போடு சேர்கின்றன. மேல் முன்பல்லில் பெரும்பாலும் ஒரே கால்வாய். கீழ்க்கடைவாய்ப் பல்லில் இரண்டு வேர்கள், மூன்று அல்லது நான்கு கால்வாய்கள். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்கள் இருந்தாலும் பெரும்பாலும் நான்காவது கால்வாய் ஒன்று கன்னப்பக்க முன்வேரில் ஒளிந்திருக்கும். அந்த நான்காவதைக் காணாமல் விட்டதால் மட்டும் தோற்ற சிகிச்சைகள் நிறைய. கால்வாய் என்று சொன்னாலும் அது நேரான குழாய் அல்ல. வளைந்தும் கிளைத்தும், பக்கத்துக் கால்வாயோடு குறுக்கே இணைந்தும் செல்லும்.

சொத்தை எனாமலைத் தாண்டி டென்டினுக்குள் இறங்கியதும் குளிர்ந்த நீர் பட்டால் சுரீர் என்கிறது. சில நொடிகளில் அடங்குகிறது. இந்தக் கட்டத்தில் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பற்கூழ் தேறிவிடும். அதை விட்டுவிட்டால் கிருமி பற்கூழை எட்டுகிறது. உடம்பில் வேறெங்காவது அழற்சி வந்தால் அந்த இடம் வீங்குகிறது. பற்கூழோ நான்கு புறமும் கல் போன்ற சுவருக்குள் அடைபட்டது, வீங்க இடமில்லை. அழுத்தம் உள்ளேயே ஏறுகிறது. சூடான காபி பட்டால் நெடுநேரம் நீடிக்கும் வலி, இரவில் படுத்ததும் விண்விண் என்று தெறிக்கும் வலி, எந்தப் பல் என்றே சுட்டிக்காட்ட முடியாமல் காதுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் பரவும் வலி எல்லாம் இதன் விளைவுதான். இந்த நிலையை எட்டிய பற்கூழ் தானாக மீள்வது அரிது.

பிறகு ஒரு நாள் வலி திடீரென நின்றுவிடும். நோயாளிக்கு நிம்மதி, உண்மையில் பற்கூழ் இறந்துவிட்டது, அவ்வளவுதான். உணர்த்த உயிருள்ள நரம்பு இல்லை. கிருமிகளோ இறந்த திசுவில் இன்னும் தாராளமாகப் பெருகி, வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. சில வாரங்கள், சில நேரம் சில ஆண்டுகள் கழித்து அந்தப் பல் ‘உயர்ந்துவிட்டது’ போலத் தோன்றுகிறது, கடித்தால் வலிக்கிறது, ஈறில் சிறு கொப்புளம் வந்து உடைந்து சீழ் வடிகிறது. சீழ் வெளியேற வழி கிடைத்ததும் மறுபடி வலி நிற்கிறது. வலி என்னும் சாட்சி இங்கே இரண்டு முறை தவறான தகவல் சொல்லிவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் கிருமிதான் என்பதை 1965-ல் அமெரிக்காவில் நடந்த எளிய ஒரு சோதனை ஐயமில்லாமல் காட்டியது. ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூவர் எலிகளின் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகி, வேர்நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளிலோ, உணவு உள்ளே அடைந்திருந்தும் பற்கூழ் பிழைத்தது. துளையை மூடப் புதிய டென்டின் பாலம்கூட வளர்ந்தது. இன்றைய வேர் சிகிச்சையின் ஒவ்வொரு படியும் இந்த ஒரே முடிவின் மேல் நிற்கிறது.

எந்தப் பல்லுக்கு வேண்டும்

முதல் சந்திப்பில் மருத்துவர் பல்லைப் பார்ப்பதைவிடக் கேட்பதுதான் முக்கியம்: வலி குளிருக்கா சூட்டுக்கா, எவ்வளவு நேரம் நிற்கிறது, தூக்கத்தைக் கெடுக்கிறதா, மாத்திரைக்குக் கேட்கிறதா. பிறகு குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்ப்பார், பக்கத்துப் பற்களோடு ஒப்பிட்டுக் கருவியின் பிடியால் மெல்லத் தட்டுவார், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே பள்ளம் இருக்கிறதா என்று அளப்பார், எக்ஸ்-ரே எடுப்பார். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை என்பதால் நோயில்லை என்றாகாது. எலும்பின் தாதுச்சத்து கணிசமாகக் கரைந்த பிறகே வேர்நுனியில் கருநிழல் தெரியும். மேல்கடைவாய்ப் பல்லின் வலியைக் கீழ்ப்பல்லில் உணர்வதும் உண்டு என்பதால், நோயாளி காட்டும் பல்லை மட்டும் நம்பி இறங்காமல் சோதித்து உறுதிசெய்யும் மருத்துவரின் பொறுமைக்கு மதிப்புண்டு.

இந்தச் சோதனைகளுக்குப் பிறகு எல்லாச் சொத்தையும் வேர் சிகிச்சையில் முடிவதில்லை. பற்கூழ் இன்னும் உயிரோடிருந்தால் அதன் மேற்பகுதியை மட்டும் நீக்கி, எம்.டி.ஏ. போன்ற கால்சியம் சிலிக்கேட் சிமென்ட் வைத்து மூடி, வேர்ப்பகுதியை உயிரோடு விடும் முறை இருக்கிறது. வேர்நுனி இன்னும் மூடாத எட்டு ஒன்பது வயதுக் குழந்தைக்கு இதுதான் முதல் தெரிவு. பற்கூழ் உயிரோடிருந்தால்தான் வேர் வளர்ந்து முடியும். முன்பு குழந்தைகளுக்கே உரியதாக இருந்த இந்த முறையை, பொருத்தமான பல்லாக இருந்தால் பெரியவர்களுக்கும் செய்கிறார்கள். மறுபக்கம், வேர் நெடுக விரிசல் விட்ட பல், ஈறுநோயால் எலும்புப் பிடிப்பை இழந்து ஆடும் பல், கேப் எனப்படும் உறையை நிறுத்தவும் கட்டமைப்பு மிஞ்சாத பல் ஆகியவற்றுக்கு வேர் சிகிச்சை செய்வது பணத்தையும் நேரத்தையும் கொட்டுவதுதான். பிடுங்கிவிட்டு, பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்ட பாலமோ, எலும்பில் பொருத்தும் இம்ப்ளான்டோ, கழற்றி மாட்டும் பல்செட்டோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் காப்பாற்றக்கூடிய பல்லை, இம்ப்ளான்ட் வந்துவிட்டதே என்று எடுத்துவிடுவது சரியான கணக்கல்ல. கடிக்கும் அழுத்தத்தை உணரும் மெல்லிய இணைப்புத் திசு சொந்த வேரைச் சுற்றித்தான் இருக்கிறது. இம்ப்ளான்டுக்கு அது இல்லை.

நோயாளியின் உடல்நிலையும் இந்த முடிவைத் திருப்பும். தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவருக்குப் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். அவருக்கு வேர் சிகிச்சை பெரும் பாதுகாப்பு. எலும்புத் தேய்வுக்காக பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவருக்கும் அப்படியே. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் பொதுவாக அதை நிறுத்த வேண்டியதில்லை. தாமாக நிறுத்துவது ஆபத்து. செயற்கை இதய வால்வு உள்ளவருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும், அதனால் அதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்காரக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறுவது தாமதமாகும். கர்ப்பிணிகள் ஒத்திப்போட வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தொற்றைச் சுமந்துகொண்டிருப்பதைவிடச் சிகிச்சை செய்துகொள்வதே நல்லது, நடு மூன்று மாதங்கள் வசதியானவை.

நாற்காலியில்

அச்சம் முழுதும் குவிவது ஊசியில்தான். லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தை ஸ்வீடனில் நில்ஸ் லொஃப்கிரென் 1943-ல் உருவாக்கினார். 1948 முதல் அது புழக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த மருந்துகளைவிட விரைவாகவும் ஆழமாகவும் மரக்கச் செய்வதால் வேர் சிகிச்சையின் முகமே மாறிவிட்டது. கீழ்க்கடைவாய்க்கு நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தில் போடுவார்கள். பாதி உதடும் நாக்கும் கனத்துப்போகும். ஆனால் பழைய அச்சத்துக்கு ஒரு நியாயமும் உண்டு. அழற்சி உச்சத்தில் இருக்கும் கீழ்க்கடைவாய்ப் பல்லில், உதடு மரத்த பிறகும் பல்லுக்குள் உணர்வு மிஞ்சுவது அடிக்கடி நடப்பதுதான். அழற்சி நரம்பிழைகளின் இயல்பையே மாற்றிவிடுகிறது. அப்போது பல்லைச் சுற்றிய இணைப்புத் திசுவிலும், தேவைப்பட்டால் பற்கூழுக்குள்ளேயும் கூடுதல் ஊசி போடுவார்கள். அதனால் வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது வீரமல்ல. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வதே முறை. மரக்கவைப்பதற்கு எப்போதும் இன்னொரு வழி இருக்கிறது.

மரத்ததும் பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பைக் கட்டுவார்கள். ரப்பர் டேம் எனப்படும் இதை நியூயார்க்கின் பல் மருத்துவர் சான்ஃபோர்டு பார்னம் 1864-ல் பயன்படுத்தத் தொடங்கினார். எச்சில் முழுதும் கிருமி; அது கால்வாய்க்குள் இறங்கினால் துப்புரவாக்குவதற்குப் பொருளில்லை. நுண்ணிய கருவி கைதவறித் தொண்டைக்குள் விழாமல் தடுப்பதும், காரமான மருந்து வாயில் கசியாமல் காப்பதும் இதுதான். வாய் அடைபட்டது போல முதலில் திகைப்பாக இருக்கும். மூக்கால் மூச்சுவிடப் பழகிவிடலாம். நல்ல வேர் சிகிச்சைக்கு ஓர் அடையாளம் கேட்டால், விலையுயர்ந்த இயந்திரங்களுக்கு முன்பாக இந்த ரப்பர் விரிப்பைத்தான் சொல்ல வேண்டும்.

பிறகு பல்லின் மேல்பகுதியில் துளையிட்டு அறையைத் திறந்து, கால்வாய் வாய்களைத் தேடுவார்கள். ஃபைல் எனப்படும் ஊசி போன்ற அரங்கள் உள்ளே இறங்கும். 15 என்று எண்ணிட்ட வெள்ளைப் பிடி ஃபைலின் முனை 0.15 மில்லிமீட்டர் தடிமன். 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. இதன் முன்னோடி 1838-ல் அமெரிக்காவின் எட்வர்டு மேனார்டு கடிகாரச் சுருள்வில்லை அராவிச் செய்த கருவி. எஃகு ஃபைல் வளைந்த கால்வாயில் நேராகவே போகப் பார்க்கும். சுவரில் படி வெட்டிவிடும். நிக்கல்-டைட்டேனியம் கலவையால் ஃபைல் செய்யலாம் என்று 1988-ல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு, வளைவோடு வளைந்து செல்லும் ஃபைல்கள் மோட்டாரில் சுழலத் தொடங்கின. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஆகும் நேரம் வெகுவாகக் குறைந்தது.

எங்கே நிறுத்துவது என்பது பெரிய கேள்வி. வேர்நுனியைத் தாண்டினால் எலும்பில் காயம். முன்பே நின்றால் கிருமி மிஞ்சும். உதட்டில் ஒரு கொக்கி, ஃபைலில் ஒரு முனை என்று மாட்டி, மின்தடையை அளந்து நுனியைக் காட்டும் அபெக்ஸ் லொகேட்டர் என்ற கருவி இருக்கிறது. அது ‘பீப்’ என்று ஒலிப்பதை நோயாளி கேட்கலாம். எக்ஸ்-ரேயிலும் சரிபார்ப்பார்கள். நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்பு நிறுத்துவது வழக்கம்.

ஃபைல் தொடாத இடம் கால்வாயில் நிறைய மிஞ்சும். கிளைகளிலும் குறுக்கு வழிகளிலும் போவது மருந்து நீர்தான். துணி வெளுக்கும் பிளீச்சின் அடிப்படையான சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமியையும் கொல்லும், அழுகிய திசுவையும் கரைக்கும். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவப் பயன்பட்ட டேக்கின் கரைசலும் இதுவே. நோயாளிக்குத் தெரியும் அந்த நீச்சல்குள வாடை இதனுடையது. ‘டாக்டர் சும்மா தண்ணி அடிச்சுட்டே இருந்தார்’ என்று சொல்பவர்கள், சிகிச்சையின் உயிரான பகுதியையே அப்படிச் சொல்கிறார்கள்.

ஒரே அமர்வா, இரண்டு மூன்று அமர்வா என்பதில் மருத்துவர்களுக்குள் நெடுங்காலமாக விவாதம். இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், நீண்ட காலப் பலனில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பற்கூழ் உயிரோடிருந்த பல்லை ஒரே அமர்வில் முடிக்கலாம். சீழ் நிற்காமல் வடியும் பல், நேரம் போதாத கடினமான பல் என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு களிம்பை உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். நான்கு கால்வாய்ப் பல்லுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆவது இயல்பு. அந்தத் தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கே தாங்கும். இங்கேதான் வலி மூன்றாவது முறையாக ஏமாற்றுகிறது: முதல் அமர்வோடு வலி போய்விடுவதால் அடுத்த அமர்வுக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். சிமென்ட் தேய்ந்து, எச்சில் கசிந்து, சுத்தம் செய்த கால்வாய் ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகக் கெடுகிறது.

உள்ளே சுத்தமும் உலர்வும் உறுதியான பிறகு, கட்டா பெர்ச்சா என்ற இளஞ்சிவப்புக் குச்சியைச் சீலர் என்னும் பசையோடு சேர்த்து நிரப்புவார்கள். மலாய்க் காடுகளின் மரப்பால் இது. வில்லியம் மாண்ட்கோமரி என்ற மருத்துவர் 1843-ல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு மாதிரி அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகி உலகைச் சுற்றியது. 1867-ல் அமெரிக்காவின் பௌமன் அதை வேர்க்கால்வாயில் நிரப்பினார். கடலடிக் கம்பியில் அதன் காலம் முடிந்து பல ஆண்டுகளாகியும், பல்லில் அதற்கு இணையான மாற்று இன்னும் பரவலாகவில்லை. இன்றைய குச்சியில் மரப்பால் ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. பழைய சீலரின் முக்கிய மூலப்பொருள் யூஜெனால், அதாவது கிராம்பு எண்ணெயின் சாரம். பல்வலிக்குப் பாட்டி வைத்த கிராம்பும் மருத்துவர் வைத்த சிமென்டும் ஒரே மணம் வீசுவது இதனால்தான். கிராம்பு வலியைச் சற்று மழுக்கும். சொத்தையையும் சீழையும் அது தீர்க்காது. எண்ணெயை அள்ளி ஊற்றினால் ஈறு வெந்துவிடும்.

வீடு திரும்பிய பின்

மரத்த உணர்வு கீழ்த்தாடையில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் இருக்கலாம். அதுவரை சாப்பிடாமல் இருப்பது நல்லது. உதட்டையும் நாக்கையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது எளிது, குழந்தைகள் விளையாட்டாகவே கடித்துவிடுவார்கள். பிறகு இரண்டு மூன்று நாளைக்கு அந்தப் பல் கடித்தால் நோகும். நரம்பை எடுத்த பிறகும் ஏன் வலி என்று பலர் பதறுகிறார்கள். எடுத்தது பல்லுக்குள் இருந்த நரம்பு. வேரைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் எலும்பும் உயிரோடுதான் இருக்கின்றன, அவை சற்றுப் புண்பட்டிருக்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, சிகிச்சைக்கு முன் 81 சதவீதம் பேருக்கு வலி இருந்தது. 24 மணி நேரம் கழித்து 40 சதவீதம். ஏழாம் நாள் 11 சதவீதம். வலியின் கடுமையும் முதல் நாளிலேயே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. வேர் சிகிச்சைக்கு உரியதென்று மக்கள் கருதும் வலியின் பெரும்பகுதி நோயினுடையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

பாரசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் பெரும்பாலும் போதும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ஆஸ்துமா உள்ளவர்கள் இரண்டாவதை மருத்துவரைக் கேட்காமல் விழுங்கக் கூடாது. ஆன்டிபயாடிக் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பற்கூழ் அழற்சியின் வலியை அது குறைப்பதில்லை. இறந்த கால்வாய்க்குள் இரத்த ஓட்டமே இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேர்வதும் இல்லை. உரிய சிகிச்சை உடனே கிடைக்குமானால் பெரும்பாலான பற்கூழ், வேர்நுனிக் கோளாறுகளுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மருந்துக்கடையில் பல்வலி என்று சொல்லி ஐந்து நாள் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் வலியைச் சிறிது தள்ளிப்போடும், கிருமிக்கு மருந்தைத் தாங்கும் திறனைக் கற்றுத்தரும், அவ்வளவுதான்.

காய்ச்சலோடு முகம் வீங்குதல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கச் சிரமம், நாக்கின் அடி தடித்து மேலெழும்புதல் ஆகியவை வேறு வகை. தொற்று தாடைக்கு அடியில் பரவி மூச்சுக்குழாயை நெருக்கத் தொடங்கியதன் அறிகுறிகள் அவை. ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-ல் விவரித்த இந்த நிலை உயிரையே பறிக்கக்கூடியது. ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திராமல், எந்த நேரமானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கேப்

வேர் சிகிச்சை செய்த பல் உலர்ந்து நொறுங்கிவிடும் என்ற பழைய விளக்கம் சரியல்ல. டென்டினின் இயல்பு பெரிதாக மாறுவதில்லை. பல் உடைவது, அதன் சுவர்கள் குறைந்துபோனதால். 1989-ல் நடந்த ஓர் ஆய்வக அளவீட்டில், வேர் சிகிச்சைக்காகத் திறந்த துளை மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதம்தான் குறைத்தது. இருபக்க விளிம்புகளையும் தின்றுவிட்ட குழியோ 63 சதவீதம் குறைத்தது. பாண்டமாய் நிற்கும் மெல்லிய சுவர்கள் கடிக்கும் அழுத்தத்தில் ஆப்பு வைத்ததுபோல விலகும். ஒரு நாள் முறுக்கோ எலும்புத்துண்டோ கடிக்கும்போது வேர் வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே கடைவாய்ப் பல்லுக்குக் கேப் அழகுச் செலவல்ல, சிகிச்சையின் கடைசிப் படி. முன்பல்லில் அதிகம் சேதமில்லையென்றால் பல்நிற அடைப்பே போதும்.

இதற்கான சான்று வலுவானது. அமெரிக்காவில் பல் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து வேர் சிகிச்சை பெற்ற 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. 97 சதவீதப் பற்கள் வாயில் நிலைத்திருந்தன. பிடுங்கப்பட்ட பற்களை ஆராய்ந்தபோது 85 சதவீதத்துக்கு முழுக் கேப் போடப்பட்டிருக்கவில்லை. கேப் உலோகமா, உலோகத்தின் மேல் பீங்கானா, ஜிர்கோனியாவா என்பது பல்லின் இடம், கடியின் வலு, கைப்பணம் ஆகியவற்றைப் பொறுத்தது. பின்பல்லுக்கு எளிய உலோகக் கேப்பும் நன்றாகவே உழைக்கும். விலை உயர்ந்ததற்குக் காத்திருந்து மாதக்கணக்கில் பல்லை மூடாமல் விடுவதுதான் தவறு. சிகிச்சைக் கட்டணமும் கேப் கட்டணமும் வழக்கமாகத் தனித்தனி என்பதால், தொடங்கும் முன்பே இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டால் நடுவில் நின்றுபோகும் நிலை வராது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செலவு மிகக் குறைவு, காத்திருப்பு கூடுதல்.

எவ்வளவு நம்பலாம்

1990-ல் ஸ்வீடனில் 356 நோயாளிகளை எட்டு முதல் பத்து ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு இன்றும் அளவுகோலாக இருக்கிறது. வேர்நுனியில் நோய் எட்டாத பற்களில் 96 சதவீதம் வெற்றி. பற்கூழ் இறந்து எலும்பில் நிழல் விழுந்த பிறகு செய்தவற்றில் 86 சதவீதம். ஏற்கெனவே நிரப்பித் தோற்று, நுனியில் நோயோடிருந்த பல்லுக்கு மறுசிகிச்சை செய்ததில் 62 சதவீதம். தாமதத்தின் விலையும், முதல் முறையே சரியாகச் செய்வதன் மதிப்பும் இந்த மூன்று எண்களில் இருக்கின்றன.

தவறுகள் நிகழ்வதுண்டு. ஃபைலின் முனை உள்ளே ஒடிந்து தங்கலாம். அதற்குமுன் கால்வாய் சுத்தமாகியிருந்தால் அந்தத் துண்டோடே பல் பல்லாண்டு இருக்கும், ஆனால் நோயாளியிடம் அதைச் சொல்லிப் பதிவுசெய்வது மருத்துவரின் கடமை. சுவரில் ஓட்டை விழலாம், எம்.டி.ஏ. வைத்து அடைக்கலாம். ஹைப்போகுளோரைட் நுனியைத் தாண்டிப் பாய்ந்தால் கடும் வலியும் வீக்கமும் வரும். அரிது, பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். சிகிச்சை தோற்றால் பழைய நிரப்பலை எடுத்து மறுபடி செய்வது, ஈறைத் திறந்து வேர்நுனியை வெட்டிப் பின்புறமாக அடைப்பது, பிடுங்குவது என்று வழிகள் இருக்கின்றன.

நிரப்பிய பல்லே உடம்பில் பல நோய்களுக்கு ஊற்று என்ற அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1910-ல் கனடாவின் மாண்ட்ரியலில் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்ட்டர் ஆற்றிய உரை, வாயின் தொற்றை உடம்பின் பற்பல நோய்களுக்குக் காரணமாக்கியது. தொடர்ந்து சில பத்தாண்டுகள், மூட்டுவலிக்கும் மனநோய்க்கும்கூட நல்ல பற்களைக் கூட்டமாகப் பிடுங்கினார்கள். பிடுங்கியும் நோய்கள் தீராததைக் கண்டு, அந்த முடிவுக்கு வித்திட்ட சோதனைகளின் குறைகளும் வெளிப்பட்ட பிறகே அந்த அலை ஓய்ந்தது. மேல்பல்லில் கை வைத்தால் கண் போய்விடும் என்று நம் ஊர்களில் சொல்வதற்கும் ஆதாரமில்லை. மேல்பல்லின் நரம்பும் பார்வை நரம்பும் வெவ்வேறு.

சிகிச்சை முடிந்த பல்லுக்குச் சூடும் குளிரும் தெரியாது. புதிதாகச் சொத்தை விழுந்தாலும் அது வலித்துக் காட்டாது. கேப்பின் விளிம்பில் ஈறோடு சேரும் இடத்தில்தான் அது தொடங்கும். அந்த இடத்தில் பிரஷ் படவேண்டும், பல்லிடுக்கில் நூல் விட வேண்டும். எலும்பில் இருந்த நிழல் மறைய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஆண்டுகள். அதனால் ஓராண்டு முடிவில் ஓர் எக்ஸ்-ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடுகிறார்கள். நிழல் சுருங்கியும் முழுதும் மறையாமல் இருந்தால் நான்கு ஆண்டு வரை இடையிடையே எடுத்துப் பார்க்கிறார்கள். முதல் நாள் எடுத்த எக்ஸ்-ரேயை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பவருக்கு, ஊரும் மருத்துவரும் மாறினாலும் அந்த ஒப்பீடு கிடைக்கும்.